பாட்டின் மிச்சப் பாதி

எங்கள் ஏரிக்கரை ஊரில் எதை வேண்டுமானாலும் கேலி செய்யலாம். பக்கத்து வீட்டில் மூட்டை சுமக்கும் லாமா மிருகத்தின் பல்லைக் கேலி செய்யலாம். குழல் தலைவர் வான்காவின் நான்கு மூலைத் தொப்பியைக்கூடக் கேலி செய்யலாம், அவர் காதில் விழாத வரை. மழையை மட்டும் சீண்டக் கூடாது. அது ரொம்ப ரோஷக்காரி.

மழைக்காலம் முழுக்க நாங்கள் மரக்குழல்தான் ஊதுவோம். அந்தக் கரகரத்த சத்தம் என்றால் மழைக்கு அவ்வளவு இஷ்டம். நாணல் குழலைத் தொடவே மாட்டோம். நாணல் குழலில் ஊதுவது மழையை வழியனுப்பும் பாட்டு. மழை இருக்கும்போதே அதை ஊதினால் என்ன அர்த்தம்? சாப்பிட்டுக்கொண்டிருக்கும் விருந்தாளியிடம் போய், "எப்போ கிளம்புறீங்க?" என்று கேட்பது போல. யாருக்குத்தான் கோபம் வராது?

அதனால் முதல் மழை விழுந்த அன்றே வான்கா வீடு வீடாக வந்துவிடுவார். ஒவ்வொரு நாணல் குழலையும் கம்பளித் துணியில் சுற்றி, தன் கையால் ஒரு முடிச்சுப் போட்டு, கூரைக் கட்டையில் தொங்கவிட்டுப் போவார். உருளைக்கிழங்கு முற்றி, மழையை வழியனுப்பும் திருநாள் வரும் வரை அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கக் கூடாது.

இனி லூலியைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கு வயது பத்து. அடுத்த வீட்டுக் கிஸ்பிக்கும் பத்துதான். ஆனால் கிஸ்பி பதினோரு நாள் மூத்தவன். அதை ஒரு நாளைக்குப் பதினோரு தடவை சொல்லிக் காட்டுவான்.

இருவரும் குழல் ஜோடி. நாணல் குழல் எப்போதுமே ஒன்று இல்லை, இரண்டு. முன்குழலில் ஆறு நாணல், பின்குழலில் ஏழு. ஒரு சுரம் இதில் இருந்தால் அடுத்த சுரம் அதில் இருக்கும். இரண்டு பேரும் மாறி மாறி ஊதினால்தான் பாட்டு. ஒருவர் மட்டும் ஊதினால், பல் போனவர் கதை சொன்ன மாதிரி நடுநடுவே ஓட்டை விழும்.

லூலியிடம் முன்குழல் இருந்தது. கிஸ்பியிடம் பின்குழல் இருந்தது.

இந்த வருடத் திருநாளில் கீழத்தெருவின் பாட்டைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு இவர்கள் ஜோடிக்குக் கிடைத்திருந்தது. அம்மா லூலிக்குப் புது இடுப்புக் கச்சை நெய்யத் தொடங்கிவிட்டாள். கிஸ்பி இந்தச் செய்தியை ஊர் முழுக்கச் சொல்லி முடித்து, ஆள் கிடைக்காமல், கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்காக்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அல்பாக்கா மேய்க்கும் இடத்தில்தான் சண்டை ஆரம்பித்தது.

"பாட்டு நடுவுல ஒரு திருப்பம் வருமே, அங்க நான் ரெண்டு சுரம் சேர்த்து ஊதணும்" என்றான் கிஸ்பி.

"ரெண்டா? ஒண்ணுதான் உன்னோடது. அடுத்தது என்னோடது" என்றாள் லூலி.

"ரெண்டுமே என்னோடதுடி!"

"உன் காதுக்குள்ள என்ன, அல்பாக்கா முடியா அடைச்சிருக்கு?"

"உனக்கு மறந்துபோச்சுன்னு ஒத்துக்கோயேன். நான் உன்னைவிடப் பதினோரு நாள்..."

"தெரியும், தெரியும்!"

வாயால் பாடிப் பார்த்தார்கள். லூலி பாடினால் லூலி சொன்னது சரியாக இருந்தது. கிஸ்பி பாடினால் கிஸ்பி சொன்னது சரியாக இருந்தது. வான்காவிடம் கேட்கலாம் என்றால், மழைக்காலத்தில் நாணல் குழல் என்ற பேச்சை எடுத்தாலே அவர், "ஷ்ஷ்! மழை காதுல விழப்போகுது!" என்று விரட்டுவார்.

மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் இருவரில் ஒருவர், "ஒரே ஒரு தடவை ஊதிப் பார்த்துடலாமா? மெதுவா? பாறைக்குப் பின்னால?" என்று கேட்டார். அது யார் என்பதில் இன்று வரை தகராறுதான்.

பெரியவர்கள் வயலுக்கும் ஏரிக்கும் போன நேரத்தில் இருவரும் குழல்களை எடுத்துக்கொண்டு பெரிய பாறைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். மெதுவாக ஊதினார்கள். திருப்பம் வந்தது. லூலி தன் ஆறு நாணலிலும் தேடினாள். அந்த இரண்டாவது சுரம் அவள் குழலிலேயே இல்லை.

"ஐயையோ! உன்னோடதுதான்டா!"

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று கிஸ்பி பாறை மேல் ஏறிக் குதித்தான்.

அத்தோடு குழலைச் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். எங்கே போனார்கள்? நான்கு மாதம் ஊதாத குழல் அது. உதட்டில் வைத்ததும் கீழே இறக்க மனம் வரவில்லை. அவள் ஒரு சுரம், அவன் ஒரு சுரம். நடுவில் ஓட்டையே இல்லை. அவ்வளவு அழகாக வந்தது. முதலிலிருந்து இன்னொரு தடவை ஊதினார்கள். பிறகு இன்னொரு தடவை. மெதுவாக என்று பேசிவைத்தது இருவருக்கும் மறந்துபோயிற்று.

காற்று அன்று மலையிலிருந்து ஏரிப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அதையும் அவர்கள் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குழல்களைப் பழையபடி தொங்கவிட்டார்கள். லூலி கச்சை நெய்யப் பழகியவள். வான்காவின் முடிச்சை அச்சு அசலாகப் போட்டுவிட்டாள். கிஸ்பிக்குத் தெரிந்தது ஒரே ஒரு முடிச்சுதான். அதைப் போட்டான்.

மறுநாள் மதியம் மலை உச்சி கறுத்தது.

முதலில் அவரை விதை அளவில்தான் ஆலங்கட்டி விழுந்தது. பிறகு புறா முட்டை அளவில் விழுந்தது. கூரைகள் தடதடத்தன. அல்பாக்காக்கள் ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டன. கஞ்சி கொதித்து முடிப்பதற்குள் எல்லாம் ஓய்ந்துவிட்டது. ஆனால் கீழத்தெரு வயலில் ஒரு உருளைக்கிழங்குச் செடிகூட நிமிர்ந்து நிற்கவில்லை. ஊதாப் பூக்கள் சேற்றில் கிடந்தன.

லூலியின் அம்மா வரப்பில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அம்மா திட்டியிருந்தால்கூட லூலிக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்தக் கிழங்கைக் குளிரில் உலர்த்தி வைத்துத்தான் வருடம் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

ஆலங்கட்டி அந்தக் குழலால் வந்ததா, தானாக வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. லூலியும் கேட்டுக்கொள்ளவில்லை. "எங்களாலதான்" என்று அவள் மனம் அடித்துச் சொன்னது.

பொழுது சாய்வதற்கு முன் எல்லோரும் களத்தில் கூடினார்கள். வான்காவின் தொப்பியின் நான்கு மூலைகளும் நடுங்கின. அவருக்கு அவ்வளவு கோபம்.

"நேத்து யாரோ நாணல் குழல் ஊதியிருக்காங்க! ஏரியில மீன் பிடிச்சிட்டிருந்த அத்தனை பேரும் கேட்டிருக்காங்க!" என்றவர் ஒரு துணி மூட்டையைத் தூக்கிக் காட்டினார். "கீழத்தெரு முழுக்க வீடு வீடாப் போய்ப் பாத்துட்டேன். இது என் முடிச்சா? லாமாவைக் கட்டிப்போடுற முடிச்சு இது!"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். வான்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

கிஸ்பி முன்னால் வந்தான்.

"என்னோட குழல்தான் மாமா. நான்தான் ஊதினேன்" என்றவன் மூச்சு விடாமல், "நான் மட்டும்தான். வேற யாருமே இல்ல" என்றும் சொன்னான்.

"மூணு வருஷம்!" என்றார் வான்கா. "மூணு வருஷத்துக்கு நீ குழலைத் தொடக் கூடாது. திருநாள் அன்னிக்கு எல்லாரும் ஊதுவாங்க. நீ தண்ணி சுமப்ப. போதுமா?"

கிஸ்பியின் தாடை நடுங்கியது. அவன் அப்பா அவனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கிஸ்பி லூலியைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். பேசாதே என்று அர்த்தம்.

வான்கா லூலியின் பக்கம் திரும்பினார். அவர் குரல் இளகியது. "நீ கவலைப்படாதே கண்ணு. மேலத்தெருவுல நல்லா ஊதுற பையன் ஒருத்தன் இருக்கான். உனக்கு அவனை ஜோடியாப் போட்டுடலாம்."

உண்மையைச் சொல்கிறேன். லூலிக்கு முதலில் தோன்றியது, 'அப்பாடா, தப்பிச்சோம்' என்பதுதான். அம்மாவுக்குத் தெரியாது. புதுக் கச்சையும் போகாது. திருநாளும் போகாது. அடுத்த நொடியே அவளுக்குத் தன் மேல் வெட்கமாக வந்தது. பதினோரு நாள் மூத்தவனாம்! அதற்காக எல்லாவற்றையும் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வதா? அந்த மேலத்தெருப் பையன் எவ்வளவு நன்றாக ஊதினால்தான் என்ன? அவன் கிஸ்பி இல்லையே.

"மாமா, ஒரு சந்தேகம்" என்றாள்.

"இப்பவா?"

"நேத்து ஏரியில கேட்டது பாதிப் பாட்டா, முழுப் பாட்டா?"

வான்கா மீனவர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் லூலியின் அப்பா.

"முழுப் பாட்டுதான்" என்றார் அப்பா. "ஒரு சுரம் விடல. அதுவும் மூணு தடவை. கேக்க நல்லாத்தான் இருந்து..." அம்மாவின் முழங்கை அவர் விலாவில் இடித்ததும் பேச்சு நின்றது.

"கிஸ்பி கிட்ட பின்குழல் மட்டும்தானே இருக்கு?" என்றாள் லூலி. "அதுல எப்படி மாமா முழுப் பாட்டு வரும்?"

வான்கா கையிலிருந்த குழலின் நாணல்களை எண்ணிப் பார்த்தார். ஏழுதான் இருந்தது.

"அட, ஆமால்ல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மிச்சப் பாதி நான் ஊதினது" என்றாள் லூலி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஊதினோம்."

"ஐயோ, மக்கு! மக்கு!" என்று கத்தினான் கிஸ்பி. "எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்னு இருந்தேன்ல! வாயை மூடிக்கிட்டு நிக்க முடியாதா உன்னால?"

"முடியாது போடா!" என்று அழுதுகொண்டே சொன்னாள் லூலி.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இல்லை.

வான்கா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எதுக்கு ஊதினீங்க? அதையாவது சொல்லித் தொலைங்க."

"நடுவுல வர்ற திருப்பத்துல ரெண்டாவது சுரம் யாரோடதுன்னு தெரியல மாமா."

"இதுக்கா? அது முன்குழலோடது. இதுகூடத் தெரியாதா?"

"இல்ல மாமா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். "பின்குழல்தான்."

"பின்குழல்தான்!" என்றாள் கிஸ்பியின் அம்மா.

"யார் சொன்னா? முன்குழல்!" என்றார் ஒரு மீனவர்.

"முப்பது வருஷமா நான் பின்குழல் ஊதுறேன், எனக்குத் தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டாள் அவள்.

அவ்வளவுதான். களமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் வாயால் பாடிக் காட்டினார்கள். மேலத்தெருக்காரர் ஒருவர் சத்தமில்லாமல் எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் மனைவி அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க?"

"சும்மா... குழலை எடுத்து ஒரு தடவை..."

"உக்காருங்க பேசாம!"

முதலில் லூலியின் அம்மாதான் சிரித்தாள். பிறகு களம் முழுக்கச் சிரித்தது. வான்கா எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. அவர் சிரித்துவிட்டார்.

"சரி, சரி. மழை காதுல விழப்போகுது" என்று எல்லோரையும் அமர்த்தினார். பிறகு லூலியிடம், "நீயா வந்து உண்மையைச் சொன்ன. அதனால உனக்குத் தண்டனை கிடையாது. நீ ஊதலாம். அவன் மட்டும்..." என்று தொடங்கினார்.

"வேண்டாம் மாமா" என்றாள் லூலி. "ஊதினதுல பாதி நான், பாதி அவன். தண்டனையும் பாதி எனக்குக் குடுங்க."

"அப்படின்னா ஆளுக்கு ஒன்றரை வருஷமா?" என்று ஆவலாகக் கேட்டான் கிஸ்பி.

"நீ சும்மா இருடா" என்றாள் லூலி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமா, ஒன்றரை வருஷம் நாங்க ஊதாம இருந்தா செடி எழுந்திருக்குமா? எழுந்திருக்காது. வயல்ல சாஞ்சு கிடக்கிற செடிக்கெல்லாம் நாங்க ரெண்டு பேரும் மண் அணைக்கிறோம். திருநாளுக்குள்ள கிழங்கு வெச்சா எங்களை ஊத விடுங்க. வைக்கலைன்னா ரெண்டு பேருமே தண்ணி சுமக்குறோம்."

வான்கா லூலியின் அம்மாவைப் பார்த்தார்.

"வேர் நல்லாத்தான் இருக்கு. மண் அணைச்சா பிழைக்கும்" என்றாள் அம்மா.

"கீழத்தெரு வயல் முழுக்க" என்றார் வான்கா. "வேற யாரும் உதவிக்குப் போகக் கூடாது."

மறுநாள் விடிந்ததும் இருவரும் வயலில் இறங்கினார்கள். வயல் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு செடி அவள், அடுத்த செடி அவன். செடியை நிமிர்த்தி, அடியில் ஈர மண்ணைக் கூட்டி, கையால் அமுக்க வேண்டும். முழங்கால் வரை சேறு ஏறியது. கைவிரல் குளிரில் மரத்துப்போனது.

கிஸ்பி முதல் இரண்டு வரிசைக்கு அவளோடு பேசவே இல்லை. மூன்றாம் வரிசையில் அவனால் தாங்க முடியவில்லை.

"நான் எவ்வளவு கம்பீரமா நின்னேன் தெரியுமா? எல்லாத்தையும் கெடுத்துட்ட."

"உன் தாடை நடுங்கினதை நான் பாத்தேன்."

"அது குளிருக்கு நடுங்குச்சு."

"சரி, குளிருக்குத்தான்" என்றாள் லூலி. இன்னொரு செடியை நிமிர்த்தியபடி, "ஆனா ரொம்ப நல்லவன்டா நீ" என்றாள்.

கிஸ்பி அவளுடைய செடிக்கும் சேர்த்து மண் அணைத்தான்.

"ஏய், அது என்னோடது!"

பெரியவர்கள் சாயங்காலம் தோறும் மரக்குழல் ஊதி மழையைச் சமாதானப்படுத்தினார்கள். மழையும் ரோஷத்தை விட்டுவிட்டுத் தூறலாக வந்தது. ஒன்பதாம் நாள் ஒரு செடியில் விரல் நகம் அளவுக்குப் புது இலை விட்டிருந்தது. லூலி போட்ட கூச்சலில் ஏரிக்கரை வாத்துகள் எல்லாம் பறந்தன.

எல்லாச் செடியும் எழவில்லை. சில வரிசைகள் அப்படியே அழுகிப்போயின. எழுந்த செடிகளுக்குக் களை எடுத்தார்கள், திரும்பவும் மண் அணைத்தார்கள். மழை குறைந்தது. இலைகள் மஞ்சளாயின.

திருநாள் காலையில் ஊரே வரப்பில் வந்து நின்றது. லூலியின் இடுப்பில் புதுக் கச்சை இருந்தது. அவள் காலடியில் ஒரு தண்ணீர்க் குடமும் இருந்தது. கிஸ்பியும் ஒரு குடம் கொண்டுவந்திருந்தான். எது நடந்தாலும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

வான்கா வயலின் நடுவே போனார். ஒரு செடிக்கு முன்னால் மண்டியிட்டார். கையாலேயே மண்ணைத் தோண்டினார். லூலி கிஸ்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வான்கா செடியை மேலே தூக்கினார். மண்ணை உதறிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"சின்னதா இருக்கு" என்றார்.

கிஸ்பி குனிந்து குடத்தை எடுத்தான்.

"அதைக் கீழ வைடா" என்றார் வான்கா. "சின்னதுன்னுதானே சொன்னேன்? இல்லைன்னா சொன்னேன்?" வேரில் ஐந்து கிழங்குகள் தொங்கின. அவர் தோளில் கிடந்த பையைத் திறந்து இரண்டு குழல்களையும் வெளியே எடுத்தார். "சீக்கிரம் ஊதுங்க. மழை எவ்வளவு நேரம்தான் வாசல்ல நிக்கும்?"

லூலி முன்குழலை உதட்டில் வைத்தாள். மூச்சை இழுத்து முதல் சுரத்தை ஊதினாள். அது ஒற்றையாக வயலைத் தாண்டிப் போனது.

உடனே பக்கத்திலிருந்து அடுத்த சுரம் வந்தது. கொஞ்சம் அவசரமாகத்தான் வந்தது. "மெதுவாடா!" என்று கண்ணாலேயே அதட்டிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, லூலி தன் அடுத்த சுரத்தை ஊதினாள்.